வீட்டு மீன்தொட்டியைப் படம் எடுப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மீன் வளர்க்கும் எல்லோருடைய போனிலும் இப்படி ஐம்பது படமாவது இருக்கும்: கலங்கலான ஓர் ஆரஞ்சுக் கீற்று, அதன் மேல் ட்யூப்லைட்டின் வெள்ளைக் கோடு, ஓரத்தில் படம் எடுத்தவரின் மூக்கு. என்னிடமும் இருந்தன. ஒரு தடவை ஏஞ்சல் மீன் படம் ஒன்று பிரமாதமாக வந்துவிட்டது என்று நண்பர்களுக்கு அனுப்பினேன். "மீன் நல்லா இருக்கு, பனியன்தான் கிழிஞ்சிருக்கு" என்று பதில் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், மீனின் வயிற்றுக்குக் கீழே கண்ணாடியில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். புது லென்ஸ் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. வாங்கியிருந்தால் கிழிசல் இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

மீன்தொட்டிப் படத்தில் முக்கால்வாசி வேலை கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கண்ணாடி, வெளிச்சம், மீனின் பழக்கம் இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால் சாதாரண போனே போதும். செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முந்தின நாள் வேலை

தண்ணீர் மாற்றுவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே மாற்றிவிடுங்கள். மாற்றிய கையோடு படம் எடுக்க உட்கார்ந்தால் கண்ணாடி, இலை, கல் எல்லாவற்றிலும் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ் ஒட்டியிருக்கும். நேரில் அது உறுத்தாது, படத்தில் ஊசிமுனைப் புள்ளிகளாக வந்து நிற்கும். கிளறிவிட்ட மண் அடங்கவும் ஒரு ராத்திரி வேண்டும்.

உள்பக்கப் பாசியை முதலில் சுரண்டுங்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. ஸ்பாஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், கோடு விழுந்துவிடும். அது போகவே போகாது. அக்ரிலிக் தொட்டி இன்னும் மென்மையானது, அதற்கு மெல்லிய ஸ்பாஞ்சு மட்டும்தான்.

வெளிப்பக்கத்துக்கு வெறும் தண்ணீரில் நனைத்த துணி, அப்புறம் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேக்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. மீனுக்கு அது விஷம், தொட்டிப் பக்கமே கொண்டுவர வேண்டாம். தண்ணீர் வழிந்து காய்ந்த வெள்ளை உப்புக் கறை என்றால் துணியில் துளி வினிகர் தொட்டு வெளிப்பக்கம் மட்டும் துடைக்கலாம்.

சுத்தமாகிவிட்டதா என்று நேராகப் பார்த்தால் தெரியாது. போன் டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். விரல் ரேகை, துணி விட்டுப்போன நூல், பாசியின் மிச்சம் எல்லாம் பளிச்சென்று எழுந்து நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கும். முழுத் தொட்டியையும் இப்படித் துடைத்து மாள வேண்டியதில்லை. எந்த இடத்தில் எடுக்கப் போகிறோமோ அந்த ஓரடிச் சதுரம் பளிங்கு மாதிரி இருந்தால் சரி.

பின்னணியையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஹீட்டர் வயர், ஃபில்டர் குழாய், சுவரின் விரிசல் இவையெல்லாம் மீனுக்குப் பின்னால் தெரிந்தால் படம் செத்துவிடும். பின்கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் துணியோ கறுப்பு சார்ட் பேப்பரோ ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கறுப்பு மோலி மாதிரி கறுத்த மீனுக்கு மட்டும் இது ஆகாது. பச்சைச் செடியோ வெளிர்நீலத் தாளோ வேண்டும்.

2. சாப்பாடும் ஃபில்டரும்

படம் எடுப்பதற்கு முன் தீனி போடாதீர்கள். போட்டால் துகள்கள் மிதக்கும், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மீனும் பின்னால் நூல் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு திரியும். அழகான கப்பி ஒன்றின் படத்தைக் கெடுக்க அந்த ஒரு நூல் போதும். தீனியைத் தள்ளிப்போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. பசியோடு இருக்கும் மீன் உங்களைப் பார்த்ததும் முன்கண்ணாடிக்கே ஓடிவரும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஃபில்டரை நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் அடங்கும், செடிகள் ஆடாது, மிதக்கும் தூசி மெல்லக் கீழே இறங்கும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள். நிறுத்தும்போதே போனில் அலாரம் வைத்துவிடுங்கள். நான் ஒரு ராத்திரி நல்ல படம் கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே போய்ப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் எல்லா மீனும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. மீன்கள் பிழைத்தன. ஆனால் ஃபில்டர் ஸ்பாஞ்சில் கழிவைத் தின்று வாழும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டுமே, அதில் எவ்வளவு செத்ததோ. அடுத்த ஒரு வாரம் தண்ணீரைச் சோதிப்பதும் மாற்றுவதுமாகப் போயிற்று.

3. அறையை இருட்டாக்குங்கள்

கண்ணாடியில் தெரிவதெல்லாம் உங்கள் பக்கம் வெளிச்சம் பட்ட பொருள்கள்தான். உங்கள் பக்கம் இருட்டு, தொட்டிக்குள் மட்டும் வெளிச்சம் என்று ஆக்கிவிட்டால் பிரதிபலிப்புக்கு வேலையே இல்லை. அதனால் இரவில் எடுப்பது சுலபம். அறை விளக்கு, டிவி, கம்ப்யூட்டர் திரை எல்லாவற்றையும் அணையுங்கள். சார்ஜரில் எரியும் சின்னச் சிவப்புப் புள்ளிகூடப் படத்தில் மாட்டும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைப் பனியன் கூடவே கூடாது, காரணம் மேலே சொல்லிவிட்டேன். கேமராவில் ஃபோகஸ் உதவி விளக்கு ஒன்று எரியும், மெனுவில் தேடி அதையும் நிறுத்துங்கள்.

பகலில்தான் முடியும் என்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டுவதே வழி. லென்ஸின் முனையில் மாட்டும், ரப்பரால் ஆன லென்ஸ் ஹுட் என்ற வளையம் கிடைக்கிறது. அதை மெதுவாகக் கண்ணாடியில் அழுத்தினால் பக்க வெளிச்சம் உள்ளே நுழையாது. இல்லாவிட்டால் ஒரு கறுப்பு அட்டையின் நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதை லென்ஸில் மாட்டிக்கொண்டு அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். பார்க்க வேடிக்கையாக இருக்கும், வேலை நன்றாகவே செய்யும்.

பிரதிபலிப்பை நீக்க, லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் வாங்கச் சொல்வார்கள். வாங்கிவிட்டுச் சொல்கிறேன், இங்கே அதனால் பெரிய உபயோகம் இல்லை. கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் அது பிரதிபலிப்பை வெட்டும். நேருக்கு நேர் பார்க்கும்போது வெட்டாது. நாமோ நேராகத்தான் எடுக்கப் போகிறோம். போதாததற்கு, ஏற்கெனவே தட்டுப்பாடாக இருக்கும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அது விழுங்கிவிடும்.

4. ஏன் நேராகவே எடுக்க வேண்டும்?

தொட்டியின் முன் நின்று ஒரு மீனை நேராகப் பாருங்கள். அப்புறம் அதே மீனை ஓரத்தில் நின்று சாய்வாகப் பாருங்கள். உடல் கொஞ்சம் நசுங்கியிருக்கும், செதில் கோடுகள் மழுங்கியிருக்கும், உற்றுப் பார்த்தால் விளிம்பில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்புமாக நிறம் பிரிந்திருக்கும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்ணாடியுடையது ஏறத்தாழ 1.5. சாய்வாக வரும் ஒளி ஒவ்வொரு எல்லையிலும் வளைகிறது, நிறத்துக்கு நிறம் வளைவும் கொஞ்சம் மாறுகிறது. இந்தக் கோளாறை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது.

ஆகவே லென்ஸ் கண்ணாடிக்கு நேர்குத்தாக இருக்க வேண்டும். மீனின் உயரத்துக்கே கேமரா இறங்க வேண்டும். ஸ்டூலில் உட்காருங்கள், தேவைப்பட்டால் தரையிலேயே உட்காருங்கள். மேலிருந்து கீழாகப் பார்த்து எடுத்தால் கோணம் சாய்வதோடு, மீனின் முகமே கிடைக்காது.

இதே காரணத்தால் முன்கண்ணாடியிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் நீந்தும் மீனை மட்டும் எடுங்கள். தொட்டியின் பின்பக்கம் இருக்கும் மீனுக்கும் லென்ஸுக்கும் நடுவே தண்ணீர் அதிகம், அதில் மிதக்கும் தூசியும் அதிகம். அதைக் குறிவைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் மீன் வைத்திருந்தால் ஒரு பக்கம் யானையாகவும் ஒரு பக்கம் எலியாகவும்தான் தெரியும். மேலிருந்து நேராக நீர்ப்பரப்பைப் பார்த்து எடுப்பது ஒன்றே அதற்கு ஆறுதல். கோல்ட் ஃபிஷ்ஷுக்கு அந்தக் கோணம் அழகாகவே இருக்கும்.

5. வெளிச்சம்

பெரும்பாலான தொட்டிகளில் விளக்கு மூடியின் நடுவில் இருக்கும். அதனால் மீனின் முதுகு வெளுத்து, நம் பக்கம் இருக்கும் விலா இருண்டுவிடும். படம் எடுக்கும் அன்று விளக்கை முன்கண்ணாடி ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். காசு செலவில்லாமல் இவ்வளவு வித்தியாசம் தரும் காரியம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அடியில் வெளிர்நிற மணல் இருந்தால் அது ஒளியைத் திருப்பியனுப்பி வயிற்றுப் பக்கத்தையும் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும்.

விளக்கைப் போட்ட உடனே எடுக்க ஆரம்பிக்காதீர்கள். நியான் டெட்ரா இருட்டில் வெளிறிப்போய்விடும். விளக்கு வந்து சிறிது நேரம் கழித்துத்தான் அந்த நீலக்கோடும் சிவப்பும் ஏறும். ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்கிவந்த மீனையும், மிரண்ட மீனையும் எடுத்தால் நிறம் வராது.

எல்ஈடி விளக்கில் ஒரு தொல்லை இருக்கிறது. படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 சுற்று, அதனால் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 அல்லது 120 தடவை துடிக்கின்றன. பிரகாசத்தைக் குறைக்கும் வசதி உள்ள பல விளக்குகள் வேகமாக அணைந்து அணைந்து எரிந்துதான் ஒளியைக் குறைத்துக் காட்டுகின்றன. விளக்கை முழுப் பிரகாசத்தில் வையுங்கள். கேமராவில் ஒளி எவ்வளவு நேரம் பதிவாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது ஷட்டர்; அதில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டுவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

கடல்மீன் தொட்டியின் நீல விளக்கு தனித் தலைவலி. கேமரா அந்த நீலத்தில் திணறி எல்லாவற்றையும் ஒரே ஊதாக் குழம்பாக்கிவிடும். விளக்கில் வெள்ளை ஒளிக்குத் தனிக் கட்டுப்பாடு (சேனல்) இருந்தால் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் அதை ஏற்றி நீலத்தை இறக்குங்கள். முடியாதென்றால் லென்ஸ் முன் ஆரஞ்சு ஃபில்டர் ஒன்றைப் பிடிக்கலாம்.

இனி ஃபிளாஷ். கேமராவின் தலையில் இருக்கும் ஃபிளாஷைக் கண்ணாடிக்கு நேராக அடித்தால் படத்தில் வெள்ளைச் சூரியன்தான் இருக்கும். ஃபிளாஷை அங்கிருந்து கழற்றி, கம்பியில்லாமல் அதை இயக்கும் வயர்லெஸ் டிரிகர் மாட்டி, தொட்டிக்கு மேலே, முன்கண்ணாடிக்குச் சற்று உள்ளே, கீழ்நோக்கி வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளோ மெல்லிய வெள்ளைத் துணியோ குறுக்கே வந்தால் ஒளி மென்மையாகும். இந்த ஒரு ஏற்பாட்டில் மீனின் ஒவ்வொரு செதிலும் எண்ணுகிற மாதிரி வரும். குறைந்த சக்தியில் வைத்தால் ஃபிளாஷ் எரிந்து அணையும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே, மீனின் அசைவு உறைந்துவிடும்.

தண்ணீருக்கு மேலே மின்கருவி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஃபிளாஷைத் தொட்டியின் கண்ணாடி மூடி மேல் வையுங்கள், அல்லது ஸ்டாண்டில் மாட்டிக் கயிறு போட்டுக் கட்டுங்கள். கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். மீனுக்கு இமை கிடையாது. கும்மிருட்டுத் தொட்டியில் திடீரென்று ஃபிளாஷ் அடித்தால் மிரண்டு கண்ணாடியில் மோதும். தொட்டி விளக்கு எரியட்டும், குறைந்த சக்தியில் ஒன்றிரண்டு அடித்துப் பாருங்கள். சிதறி ஓடினால் அன்றைக்கு ஃபிளாஷ் வேண்டாம்.

6. கேமரா அமைப்பு

எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவல் மோடுக்குப் போய்விடுங்கள். முதலில் ஷட்டர். ஏஞ்சல், டிஸ்கஸ் மாதிரி நிதானமான மீனுக்கு 1/125 நொடி போதும். டெட்ரா, டேனியோ, கப்பிக்கு 1/250க்குக் கீழே இறங்காதீர்கள். அடுத்து அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம்; எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது. அருகில் நெருங்கி எடுக்கும்போது ஃபோகஸில் இருக்கும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். எஃப் 2.8 வைத்தால் கண் துல்லியமாக இருக்கும், வால் புகையாகும். எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை நல்ல சமரசம். மீதி வெளிச்சத்தை ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றித்தான் சம்பாதிக்க வேண்டும். 1600, 3200 என்று போகும், போகட்டும். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினால் பிறகு குறைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன மீனை நிறுத்திவைக்க வழியில்லை.

ஃபிளாஷ் இருந்தால் கணக்கு மாறும்: ஷட்டர் 1/200, அபெர்ச்சர் எஃப் 8 அல்லது எஃப் 11, ஐஎஸ்ஓ 200 முதல் 400. ஷட்டரை அதற்கு மேல் ஏற்றினால் பல கேமராக்களில் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

தானியங்கி மோடில்தான் எடுப்பேன் என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறையுங்கள். கறுப்புப் பின்னணியைப் பார்த்ததும் கேமரா வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு மீனை வெளுத்துத் தள்ளிவிடும். வெள்ளி நிற மீன்கள் விஷயத்தில் இது இரட்டிப்பு ஆபத்து. அவற்றின் தோலில் குவானைன் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, குட்டிக் கண்ணாடிகள் மாதிரி. மீன் ஒரு கோணத்தில் திரும்பியதும் ஒளி அப்படியே தெறித்து அந்த இடம் வெறும் வெள்ளையாகும். கேமரா தானாகத் திருத்தாத ரா ஃபைலாக எடுத்தால் பிறகு நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்த இடம் இருக்கும்.

லென்ஸ் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். மிக நெருங்கி எடுக்க உதவும், 60 முதல் 100 மில்லிமீட்டர் வரையான மேக்ரோ லென்ஸ் இருந்தால் சொர்க்கம். இல்லையென்றால் கேமராவோடு வரும் 18-55 லென்ஸே உள்ளங்கை அளவு மீனுக்குத் தாராளம்.

7. மீனோடு உட்கார்ந்திருப்பது

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். மீன் இடது பக்கம் போனால் கேமராவும் இடது பக்கம் ஓடும், மீன் திரும்பினால் இதுவும் திரும்பும். ஆட்டோஃபோகஸ் கண்ணாடியில் ஒரு தடவை, பின்னாலிருக்கும் செடியில் ஒரு தடவை என்று தடுமாறும். கடைசியில் நூறு வால் படங்கள் மிஞ்சும்.

கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா பாருங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பாதை இருக்கிறது. என் தொட்டியில் ஒரு முத்து கௌராமி உண்டு. மரக்கட்டைக்குப் பின்னாலிருந்து கிளம்பும். முன்கண்ணாடியை ஒட்டி இடமிருந்து வலமாக வரும். வலது மூலையில் மேலே ஏறி ஒரு வாய் காற்றை விழுங்கும். இறங்கும்போது செவுள் ஓரத்தில் ஒரே ஒரு குமிழ் கழன்று மேலே போகும். அப்புறம் ஓர் அகன்ற இலைக்கு முன்னால் வந்து நிற்கும். மார்புக்குக் கீழே இருக்கும் இரண்டு மெல்லிய இழைகளையும் முன்னால் நீட்டி, பார்வையற்றவர் கைத்தடியால் தரையைத் தொடுவது போல அந்த இலையைத் தொட்டுப் பார்க்கும். ஒரு நொடி இருக்கும். பிறகு பழையபடி கட்டைக்குப் பின்னால். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று.

இது தெரிந்த பிறகு நான் செய்ததெல்லாம், அந்த இலையின் நுனியில் ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிப் பூட்டி, அசையாமல் உட்கார்ந்ததுதான். மூன்றாவது சுற்றில் கிடைத்தது. இரண்டு இழையும் இலையில் பட்டிருக்க, கழன்ற குமிழ்கூட மூலையில் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை சில. மீன் கண்ணாடிக்கு இணையாக நிற்கும்போது எடுத்தால் தலை முதல் வால் வரை ஒரே ஃபோகஸில் விழும். ஃபோகஸ் எப்போதும் நம் பக்கத்துக் கண்ணில். மீன் வேகத்தைக் குறைக்கும் போதும் திரும்பும் போதும் துடுப்புகளை விரிக்கும், நேராக நீந்தும் போது மடக்கிக்கொள்ளும். ஆகவே பாதையின் திருப்பங்களில் காத்திருங்கள். தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் மோடில் மூன்று நான்கு மட்டும் தட்டுங்கள், முப்பது தட்டினால் பிறகு பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்குள் மீன் வளர்ந்துவிடும்.

பெட்டா, அதாவது ஃபைட்டர் மீன், துடுப்பையெல்லாம் விசிறி போல விரித்துக் காட்ட வேண்டுமென்றால் ஒரு சின்னக் கண்ணாடியைத் தொட்டிக்கு வெளியே காட்டுங்கள். எதிரி வந்துவிட்டான் என்று செவுள் மூடியைத் தூக்கிக்கொண்டு வரும். இரண்டு நிமிடம் போதும், அதற்கு மேல் நீட்டினால் மீனுக்குக் களைப்பு. கோரிடோரஸ் (தொட்டித் தரையில் திரியும் சின்னக் கெளுத்தி) வைத்திருப்பவர்களுக்கு வேறொரு விருந்து இருக்கிறது. அது தரையில் உட்கார்ந்தபடி கண்ணைக் கீழே உருட்டும், கண்ணடிப்பது போலவே இருக்கும். அந்தப் படத்துக்கு நான் மூன்று மாலைகள் தரையில் குப்புறப் படுத்திருக்கிறேன்.

8. போனில் எடுப்பவர்களுக்கு

லென்ஸை முதலில் துடையுங்கள். போனைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வையுங்கள், பிரதிபலிப்பும் போகும், கை நடுக்கமும் குறையும். மீன் இருக்கும் தூரத்தில் ஓர் இலையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். விரலால் பெரிதாக்கி எடுக்காதீர்கள். தனி டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால் அதற்கு மாறிச் சற்றுத் தள்ளி நின்று எடுக்கலாம். மேக்ரோ என்று அழுத்தினால் பல போன்கள் அல்ட்ராவைட் லென்ஸுக்குத் தாவிவிடும். வெளிச்சம் குறைந்த தொட்டியில் அது சுமார்தான். நைட் மோடு மீனை இழுத்துவிடும், போர்ட்ரெயிட் மோடு கண்ணாடி போன்ற துடுப்பைப் பின்னணி என்று நினைத்து வெட்டிவிடும். இரண்டும் வேண்டாம்.

வெளிச்சம் நன்றாக இருந்தால் 4கே வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு ஃபிரேமைப் பிரித்தெடுக்கலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 மெகாபிக்சல். திரையில் பார்க்க அது போதும்.

9. முடித்த பிறகு

ஃபில்டரைப் போடுங்கள். தள்ளிப்போட்ட தீனியைக் கொடுங்கள். ஃபிளாஷுக்காக மூடியைத் திறந்திருந்தால் மூடுங்கள், பெட்டா உட்படப் பல மீன்கள் வெளியே குதிக்கக்கூடியவை. விளக்கைப் பழைய இடத்துக்கு நகர்த்துங்கள்.

படங்களில் கண் துல்லியமாக இல்லாததை யோசிக்காமல் அழித்துவிடுங்கள். மிஞ்சியதில் முதலில் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தை, எடிட்டிங் ஆப்பில் சரிசெய்யுங்கள். வெள்ளை மணலோ சாம்பல் கல்லோ படத்தில் இருந்தால் அந்த ஆப்பின் ஒயிட் பேலன்ஸ் கருவியால் அதைத் தொட்டாலே பாதி வேலை முடியும். மிதக்கும் தூசியை, புள்ளிகளை மறைக்கும் ஹீலிங் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எடுங்கள், பொறுமை போகும் வரை எடுத்தால் போதும். படத்தை வெட்டும்போது மீனின் மூக்குக்கு முன்னால் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது போலிருக்கும். நிறத்தைக் கூட்டும் ஸ்லைடரில்தான் கை நிற்காது. கூட்டி முடித்ததும் போனைத் தொட்டிப் பக்கத்தில் பிடித்து, அதே மீன் நீந்திவரும்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உயிருள்ள மீன் சோகையாகத் தெரிந்தால் ஸ்லைடரைப் பின்னால் இழுங்கள்.